எங்கே அறுந்தது?

மாலை வேளை. வன்னியின் விசுவமடுவிலோ நெடுங்கேணியிலோ அக்கராயனிலோ ஒரு வீட்டின் விறாந்தைச் சுவரில் பொருத்தியிருக்கும் வெள்ளைப் பெட்டியில், பச்சையாக இருக்க வேண்டிய விளக்குச் சிவப்பாகிறது. வேலைக்குப் புறப்படுமுன் ரொறன்ரோவிலிருந்து பேசிக்கொண்டிருந்த மகனின் முகம், வாய் திறந்தபடி திரையில் உறைந்து நிற்கிறது. தாய் பெட்டியைப் பார்க்கிறார். வாசலில் நிற்கும் கம்பத்தைப் பார்க்கிறார். "நெற் போயிட்டுது" என்கிறார். வேலிக்கு அப்பாலிருந்து பதில் வருகிறது: "இங்க எப்பவும் அப்படித்தானே அக்கா, விடுங்கோ."

நம் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி இது. பெட்டியை அணைத்து அரை நிமிடம் பொறுத்துப் போடுவதும், வயரைக் கழற்றிப் பூட்டுவதும், பதிவுசெய்த குரலைக் கேட்டபடி தொலைபேசியில் காத்திருப்பதும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவற்றை மறுபடி சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நாம் யோசிக்க வேண்டியது வேலிக்கு அப்பாலிருந்து வந்த அந்தப் பதிலைப் பற்றி. ஆறுதலுக்காகச் சொன்னதுதான். ஆயினும் அதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. இன்ன இடத்தில் இன்ன காரணத்தால் அறுந்தது என்று தேடிப் பார்க்குமுன்பே, அறுவது இந்த மண்ணின் இயல்பு என்று அது முடிவு கட்டிவிடுகிறது. பழுதை இயல்பென்று ஏற்றுக்கொண்ட பிறகு அதைத் தேடுவார் இல்லை. தேடாத பழுது தீர்வதும் இல்லை.

ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு முகவரி உண்டு. மணல் ஏற்றிய டிப்பர் ஒழுங்கைக்குள் திரும்பும்போது, தாழத் தொங்கிய கேபிளை இழுத்துக்கொண்டு போயிருக்கும். வேம்பிலிருந்து தாவிய குரங்குகள் அதில் ஊஞ்சலாடியிருக்கும். அணில் உறையைக் கடித்திருக்கும், காய்ந்த தென்னை மட்டை விழுந்திருக்கும். ஐப்பசி இடியில் பழைய செப்புக் கம்பி வழியாக வந்த மின்னல் றவுட்டரைக் கருக்கியிருக்கும். இப்போது வரும் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் பெட்டிக்குக் கறண்ட் கொடுக்கும் வயர் கடத்தும் என்பதை மறந்துவிடுகிறோம். கம்பியே இல்லாமல் கோபுரத்தை நம்பியிருக்கும் வீடென்றால், பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழே நடு அறையில் வைத்ததே குற்றமாக இருக்கலாம். தகரம் அலையைத் தடுக்கும். யன்னலோரம் நகர்த்தினால் பாதி நோய் தீர்ந்துவிடும். சில வேளைகளில் பழுது வீட்டுக்குள்ளேயே, மேசையைச் சுவரோடு தள்ளியபோது அதன் காலுக்குப் பின்னால் நசுங்கி மடிந்த மெல்லிய வயரில் இருக்கும்.

அந்த மடிந்த வயரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். உறையை உரித்தால் உள்ளே இருப்பது கண்ணாடி. தலைமயிர்த் தடிப்பில் ஓர் இழை. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடும் நடுப்பாதையோ மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கிலும் குறைவு. சுற்றியுள்ள கண்ணாடி ஒளியை வெளியே விடாமல் காத்து நடத்துகிறது. இழை மெல்ல வளைந்தால் ஒளியும் கூடவே வளையும். கூராக மடித்துவிட்டால் மடிப்பில் அது வெளியே கசிந்துபோகும். இழை அறவில்லை, வெளியில் காயமும் தெரியாது, ஆனாலும் மறுமுனைக்குச் சேர வேண்டியது சேர்வதில்லை. முனையில் ஒட்டிய ஒரு தூசித் துகளும் இதே காரியத்தைச் செய்யும். அதில் ஓடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

பழுது பார்க்கும் தம்பி தொலைபேசியில் கேட்பதைக் கவனித்திருக்கிறீர்களா? "என்ன நிற லைற் எரியுது அம்மா?" "சிவப்பு, தம்பி." "ஒண்டு மட்டும் சிவப்போ, இல்லாட்டி எல்லாம் நூந்து போச்சோ?" "எல்லா ஃபோனிலயும் இல்லையோ, ஒண்டில மட்டும் இல்லையோ?" சலிப்பூட்டும் கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் தேட வேண்டிய பரப்பைப் பாதியாக்குகிறது. விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தால் கறண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சிவப்பென்றால் ஒளி பெட்டியை எட்டவில்லை. ஒரு ஃபோனில் மட்டும் இல்லையென்றால் பழுது அந்த ஃபோனில். கோபத்துக்கும் புலம்பலுக்கும் அந்தக் கேள்விகளில் இடமில்லை. இடத்தை மட்டுமே அவை விசாரிக்கின்றன.

இந்த ஒழுங்கு வன்னிக்குப் புதிதல்ல. இரணைமடுத் தண்ணீரை நம்பி விதைத்த கடைக்கோடி வயற்காரர், தண்ணீர் வராத நாளில் குளத்தைச் சபித்துக்கொண்டு வரம்பில் குந்தியிருப்பதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் தன் மடையைப் பார்க்கிறார். பிறகு அயல் வயலின் மடை, பிறகு கிளை வாய்க்கால் என்று மேல்நோக்கி நடக்கிறார். தன் மடையில் சேறு அடைத்திருந்தால் அதைத் தானே வெட்டி விடுகிறார். மேலே எவரோ மறித்திருந்தால் அந்த இடத்தில் நின்றுகொண்டே நியாயம் கேட்கிறார். தன்னிலிருந்து தொடங்குகிற பணிவும், தன்னோடு நின்றுவிடாத துணிவும் அந்த நடையில் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டில் ஒன்று குறைந்தாலும் தேடல் கெட்டுவிடும். தன் வீட்டு மேசைக் காலைப் பார்க்காமல் நிறுவனத்தைத் திட்டுகிறவர் பணிவை இழக்கிறார். தன் வீட்டிலேயே எல்லாக் குற்றமும் இருப்பதாக எண்ணிப் பெட்டியை மாற்றி மாற்றிக் காசைக் கரைக்கிறவர் துணிவை இழக்கிறார்.

இந்தக் கண்ணாடி இழை பிறந்த கதையும் ஒரு பழுதைச் சரியான இடத்தில் கண்டுபிடித்த கதைதான். 1960களில் கிடைத்த கண்ணாடியில் ஒளியை அனுப்பினால் இருபது மீற்றர் போவதற்குள் அது நூறில் ஒரு பங்காக மங்கிவிடும். தொலைத்தொடர்புக்கு இது உதவாது, கண்ணாடியின் தன்மை அது என்று பலர் கைவிட்டிருந்தார்கள். ஷாங்காயில் பிறந்து இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வுகூடத்தில் வேலை செய்த சார்ள்ஸ் காவோ, 1966 இல் ஜோர்ஜ் ஹொக்கமுடன் சேர்ந்து எழுதிய ஆய்வில் வேறொன்றைச் சொன்னார். ஒளியை விழுங்குவது கண்ணாடி அல்ல, அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற மாசுகள். மாசை நீக்கினால் ஒரு கிலோமீற்றருக்குப் பிறகும் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும் என்றார். 1970 இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அப்படியோர் இழையைச் செய்து காட்டினார்கள். இன்றைய இழையில் அதே ஒரு பங்கு நூறு கிலோமீற்றருக்கு அப்பாலும் மிஞ்சுகிறது. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு உள்ள தூரத்தைவிட அது அதிகம்.

காவோவுக்கு நொபெல் பரிசு 2009 இல் கிடைத்தது. நினைவை அரிக்கும் நோய் அதற்குமுன்பே அவரைப் பற்றிவிட்டதால், ஸ்ரொக்ஹோமில் அவருக்காக உரையாற்றியவர் அவர் மனைவி. போர் முடிந்த அந்த ஆண்டு நமக்கு வேறு காரணங்களால் மறக்க முடியாதது. உலகத்தைக் கண்ணாடி இழையால் இணைத்த மனிதரின் பெயர் ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்டபோது, வன்னி மக்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பி வேலிகளுக்குள், பெரும்பாலும் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில், வேறு முகாமொன்றில் தம் தாயோ பிள்ளையோ உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய வழியில்லாமல் இருந்தார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்.

2009க்கு முந்திய இருபது ஆண்டுகளையும் எண்ணிப் பார்ப்போம். 1990 இல் யாழ்தேவி புகைவண்டி வவுனியாவோடு நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கடிதம் சுமந்து வந்தது செஞ்சிலுவைச் சங்கம். 2002 இல் திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. புகைவண்டி கிளிநொச்சிக்குத் திரும்ப 2013 செப்ரெம்பர் ஆயிற்று. இவற்றில் எதுவும் காட்டின் இயல்பாலோ குளங்களின் இயல்பாலோ மக்களின் மந்தத்தாலோ நேர்ந்ததல்ல. ஒவ்வொரு துண்டிப்புக்கும் ஒரு நாள் இருந்தது. ஓமந்தை என்றோ முகமாலை என்றோ ஓர் இடம் இருந்தது. எங்கோ ஒரு மேசையில் எடுக்கப்பட்ட முடிவு இருந்தது. ஆனால் ஆண்டுகள் கடந்ததும் நாளும் இடமும் முடிவும் உதிர்ந்துபோய், 'வன்னி பின்தங்கிய பிரதேசம்' என்ற ஒரு வரி மட்டும் அறிக்கைகளில் மிஞ்சிவிட்டது. ஒரு சமூகத்தின் மேல் பிறர் செய்த காரியம், பிறர் வாயில் முதலில் அதன் விதியாகவும், பிறகு மெல்ல மெல்ல அந்தச் சமூகத்தின் சொந்த வாயில் அதன் குணமாகவும் மாறிவிடுகிறது என்றால், அந்த மாற்றத்தை ஒத்த இழப்பு வேறில்லை. ஏனெனில் விதியிடமும் குணத்திடமும் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தும் தொடர்பு இல்லாமற்போன நாட்களும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்பும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மக்கள் எதிர்ப்பு எழுந்த வேளையிலும் சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. எத்தனை வீடுகளில் அன்று பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார்கள்! பழுது வீட்டிலும் இல்லை, கம்பத்திலும் இல்லை, கொழும்பில் பிறந்த ஓர் உத்தரவில் இருந்தது. பழுதைத் தேடி மேல்நோக்கி நடப்பவர் எந்த இடத்திலும் நின்றுவிடக் கூடாது என்பதற்கு அந்த நாட்களே போதும்.

பெருவழிக் கேபிள் அறுந்தால் அந்த இடத்தைக் கண்டறிய ஒரு கருவி இருக்கிறது. அது இழைக்குள் ஒளியைச் சிறு துடிப்பாக அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். போகும் வழியெங்கும் கண்ணாடி கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அறுந்த இடத்துக்கு அப்பால் எதுவும் திரும்பாது. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும் என்ற கணக்கை வைத்து, இத்தனையாவது மீற்றரில் அறுந்திருக்கிறது என்று கருவி சொல்லிவிடும். அதன்பின் ஆட்கள் போய் நிலத்தைத் தோண்டி, இரு முனைகளையும் நேருக்கு நேர் வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்டுகிறார்கள். அறுந்தது எங்கே என்று தெரிந்த பிறகு ஒட்டுவது சில மணி நேர வேலை.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்றலில், 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படங்களை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்கள். வயர் அறுந்ததையும் மகன் இல்லாமற்போனதையும் ஒரே தராசில் வைக்க எவருக்கும் மனம் வராது, வைக்கவும் கூடாது. ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வி, கேள்விகளிலெல்லாம் மிக எளிய கேள்வி: எங்கே? பிள்ளைகளைப் படையினரிடம் கையளித்த இடம் தெரியும், நாள் தெரியும், பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ட கண்கள் இருக்கின்றன, அதற்கு அப்பால் எங்கே என்பதுதான் அவர்கள் கேட்பது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் வந்தது, ஆணையாளர்கள் 2018 இல் நியமிக்கப்பட்டார்கள், கேட்ட தாய்மாரில் பலர் பதிலின்றியே இறந்துபோனார்கள். போர் என்றால் அப்படித்தான் என்று அவர்களிடம் சொல்கிறவர்கள், தாம் ஆறுதல் சொல்வதாகவே நினைக்கக்கூடும். ஆனால் இடத்தையும் நாளையும் பொறுப்பாளரையும் உடைய ஒரு காரியத்தைப் போரின் இயல்பு என்ற பெருவெளியில் கரைத்துவிடும்போது, அறிய முடிந்ததை அறிய முடியாததாக்குகிறோம். அறிய முடியாததென்று ஒப்புக்கொண்ட ஒன்றுக்காகப் பதில் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து, பதில் தெரிந்தவர்களை நாமே விடுவித்துவிடுகிறோம். அதனால்தான், இடத்தை விடாமல் கேட்பது துயரப்படுகிறவரின் பிடிவாதம் என்று தோன்றினாலும், நீதி என்று நாம் அழைப்பதன் முதற்படியே அதுதான் என்று எண்ண வேண்டியிருக்கிறது. பதிலில்லாத மௌனத்தை இயற்கையின் கணக்கில் எழுதாமல் மனிதரின் கணக்கில் எழுதிவைக்கும் செயல் அது.

பெரிய காரியங்களில் இந்தப் பழக்கம் திடீரென்று வந்துவிடாது. சின்னக் காரியங்களில் கைவரப்பெற்றவர்களிடமே அது நிலைக்கும். வீட்டு இணைப்பு இன்று சின்னக் காரியம் என்றும் சொல்ல முடியவில்லை. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் ஃபோனுக்குள் வந்தபோது, அலை கிடைக்காத கிராமத்துப் பிள்ளை இழந்த பாடத்தை யாரும் திரும்ப நடத்தவில்லை. மருத்துவ முகாமுக்குப் பதிவதும் பெறுபேறு பார்ப்பதும் வெளிநாட்டுப் பிள்ளையின் குரல் கேட்பதும் இந்த ஒரே இழையின் வழியாகவே நடக்கின்றன. ஆகவே நிறுவனங்களிடம் நாம் கேட்பது சலுகை ஆகாது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே 'உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி அனுப்புவது பதிலாகாது. எங்கே அறுந்தது, எப்போது ஒட்டப்படும் என்ற இரண்டும் சொன்னால்தான் பதில். மாதக் கட்டணம் தவறினால் இன்ன வீட்டின் இணைப்பு என்று துல்லியமாகக் கண்டு நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு, அறுந்த இடத்தைத் துல்லியமாகச் சொல்வதும் முடியும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. ஒழுங்கையில் ஒரே கம்பத்திலிருந்து இணைப்பெடுத்த வீட்டார், ஒரு பள்ளிக் கொப்பியில் திகதி, நேரம், எரிந்த விளக்கின் நிறம், கொடுத்த முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றை எழுதிவந்தால் போதும். ஒவ்வொரு மழைக்கும் இதே கம்பத்துக்கு அப்பால்தான் அறுகிறது என்பது இரண்டு மாதத்தில் வெளிச்சமாகிவிடும். அதன்பின் அது புலம்பல் இல்லை, சாட்சியம். கேபிளில் உராயும் கொப்புகளை மழைக்குமுன் ஊரார் கூடி வெட்டலாம், மின்கம்பிக்கு அருகில் உள்ளவற்றை மட்டும் அதற்குரியவர்களிடம் விட்டுவிட்டு. பெட்டியின் பின்னால் உள்ள ஊசித் துவாரத்தை அழுத்தினால் உள்ளிருக்கும் அமைப்பெல்லாம் அழியும், அதை இறுதிவரை தொடக்கூடாது என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லலாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ கொழும்புக்கோ கடல் கடந்தோ புறப்படும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். பையைக் கட்டும் நாட்களில் ஒரு மாலையை அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ ஒதுக்குங்கள். எந்த விளக்கு எதைச் சொல்கிறது என்று பொறுமையாகக் காட்டுங்கள். முறைப்பாடு கொடுக்கும்போது இலக்கத்தைக் கேட்டு வாங்கப் பழக்குங்கள். அயலில் தனியே இருக்கும் முதியவர் வீட்டுக்கும் ஒரு தரம் போய் வாருங்கள். கணக்கு இலக்கத்தையும் அழைக்க வேண்டிய எண்ணையும் கண்ணாடி இல்லாமலே வாசிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதி, பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள்.